ஏழாவதிலேயே ஃபவுண்டேஷன் கோர்ஸா, பள்ளிக் கணக்கையே ஆழமாகவா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஒரு பிள்ளை ஆறாவதில் கணக்கில் நல்ல மார்க் வாங்கிவிட்டால் வீட்டில் அடுத்த பேச்சு ஃபவுண்டேஷன் கோர்ஸ்தான். ஐஐடி நுழைவுத் தேர்வுக்கு இப்போதே தயார் செய்கிறோம் என்று சொல்லி, மேல் வகுப்புப் பாடங்களை ஏழாவதிலேயே தொடங்கிவிடும் வகுப்பு அது. இன்னொரு வழி, பள்ளிப் பாடத்தை விட்டு நகராமல் அதையே ஆழமாகப் போடவைப்பது. பல பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். மலையில் இருப்பவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஃபவுண்டேஷனுக்கும் நியாயம் உண்டு. வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் கணக்கை முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது நல்ல தீனி. தன்னைப் போலவே கணக்கில் ஆசையுள்ள நாலு பேரை அங்கே பார்க்கும். சின்ன ஊரில் அந்தத் துணை லேசில் கிடைக்காது.

ஆனால் அந்த வகுப்புக்குக் கோவை வரை போக வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே 33 கிலோமீட்டர் மலைப்பாதை. அங்கிருந்து கோவைக்கு இன்னொரு 35. சனிக்கிழமை பகலில் பாதி பஸ்ஸிலேயே போய்விடும். வளைவுக்கு வளைவு தலை சுற்றி இறங்கும் பிள்ளைக்கு வகுப்பில் என்ன ஏறும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்தால் அந்த வாரம் வகுப்பே இல்லை. ஆன்லைனில் அலைச்சல் மிச்சம்தான். ஆனால் எத்தனையோ ஹட்டிகளில், அதாவது மலைக் கிராமங்களில், கரண்ட் போனால் சிக்னலும் சேர்ந்தே போகிறது.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். என் பெரிய கவலை, பிள்ளை சூத்திரத்தை மட்டும் முந்திக் கற்றுக்கொண்டு வருவது. நம்ம மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,203 மீட்டர், பாதை 46 கிலோமீட்டர். சராசரியாக எத்தனை மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுகிறது? ஏற்றம் 1,877 மீட்டர். 46,000-ஐ அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 24.5. ஏழாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் ரயில் வழுக்காமல் ஏற, தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த பற்சக்கரப் பாதையில் சுமார் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் இடங்கள் உண்டு. அப்படியானால் மற்ற இடங்கள் எப்படி இருக்க வேண்டும்? பற்சக்கரம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மட்டும் ஏன்? இதோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிள்ளைக்குப் பத்தாவதில் முக்கோணவியல் வரும்போது அது எதற்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. முக்கோணவியலின் டேன் (tan) மதிப்புகளை மளமளவென ஒப்பிக்கும் பிள்ளைகள் இதே கணக்கில் எங்கே தொடங்குவது என்று விழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது விட்டால் பின்தங்கிவிடும் என்ற பயம் பலருக்கு. அமெரிக்காவில் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுக்காத பிள்ளை, பள்ளி முடிப்பதற்குள் கால்குலஸை எட்டுவது சிரமம். அங்கே அந்த முடிவு கனமானது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவது வரை எல்லோருக்கும் ஒரே கணக்கு. பதினொன்றில் கணக்கு குரூப் எடுக்கும் அத்தனை பேருக்கும் அந்தக் கால்குலஸ், அதாவது நுண்கணிதம், வருகிறது. ஏழாவதில் எந்தக் கதவும் மூடுவதில்லை.

ஆழமாகப் போவதற்கு இலக்கு வேண்டுமென்றால் இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எட்டாவதில் மத்திய அரசின் படிப்பு உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் (NMMS) தேர்வு எழுதலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதன் மனத்திறன் தாளில் 90 கேள்விகள். மனப்பாடம் அங்கே எடுபடாது. தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அந்தப் பணம் சின்ன விஷயமில்லை. ஏழு, எட்டாம் வகுப்புக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் என்எம்டிசி (NMTC) என்ற தேசியக் கணிதத் திறன் தேர்வும் உண்டு. அதன் பழைய வினாத்தாள்களை வாரம் இரண்டு கணக்காகப் போட்டாலே போதும்.

சரி, எந்தப் பிள்ளைக்கு ஃபவுண்டேஷன்? பின்னம், குறை எண், எளிய சமன்பாடு மூன்றிலும் விடை வந்த வழியைத் தன் வாயால் விளக்க வேண்டும். தெரியாத கணக்கை உடனே அம்மாவிடம் நீட்டாமல் கொஞ்ச நேரம் தானே முட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் இருந்து, பிள்ளையே ஆசைப்பட்டுக் கேட்டால், எட்டாவது முழுப் பரீட்சை லீவில் ஒரு மாதத்துக்கு மட்டும் சேர்த்துப் பாருங்கள். மொத்த ஃபீஸையும் முன்கூட்டியே கட்டச் சொல்லும் இடமாக இருந்தால் வேண்டாம்.