கடைசியாகத் தொட்ட சாளரமா, எண் போட்ட சாளரமா?

ஒரு நூலுக்கு மெய்ப்புப் பார்க்கும் நாட்களில் என் கணினியில் பன்னிரண்டு சாளரங்களாவது திறந்திருக்கும். ஒரே எழுத்துச் செயலியில் மூன்று கோப்புகள், அச்சுக்குப் போகவேண்டிய பிடிஎஃப், அகராதிகளோடு உலாவி, மின்னஞ்சல், கணக்குத்தாள். சென்ற ஆண்டு இந்த நெரிசலில் இரண்டு மணி நேரம் பழைய பிரதியில் திருத்தம் போட்டுவிட்டேன். இரண்டு பிரதிகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. ஆல்ட்+டேப் அழுத்தியதும் முன்னால் வந்தது வேறு கோப்பு. அதற்குப் பிறகுதான் சாளரம் மாற்றும் வழிகளை ஒவ்வொன்றாக, வாரக்கணக்கில் பழகிப் பார்த்தேன்.

விண்டோஸில் ஆல்ட்+டேப்பின் கணக்கு எளிமையானது. கடைசியாகத் தொட்டது முதலில் நிற்கும். மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் மாறி மாறிப் பார்க்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. மூன்றாவது சாளரம் வந்ததும் எண்ணத் தொடங்குகிறோம். ஏழாவது வந்ததும் தேடத் தொடங்குகிறோம். வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொரு அழைப்புக்கும் இடம் மாறிக்கொண்டால், முகம் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிட முடியும். ஷிஃப்ட் சேர்த்துப் பின்னோக்கிப் போகலாம். கன்ட்ரோல்+ஆல்ட்+டேப் அழுத்தினால் பட்டியல் திரையிலேயே நிற்கும், அம்பு விசைகளால் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் உதவிதான். ஆனால் கண்ணுக்கு வேலை குறைவதில்லை.

மேக் இதையே வேறு விதமாகப் பிரிக்கிறது. கமாண்ட்+டேப் செயலிகளுக்கு இடையில் மட்டும் தாவும். ஒரே செயலியின் சாளரங்களுக்குள் சுற்ற, கமாண்டோடு டேப்புக்கு மேலே இருக்கும் விசையை அழுத்த வேண்டும். பட்டியல் குறுகிவிடுவதால் முதல் நாளில் நிம்மதியாக இருந்தது. என் மூன்று கோப்புகளும் ஒரே செயலிக்குள் அடைபட்டபோது பழைய குழப்பம் ஒரு படி உள்ளே நகர்ந்தது, அவ்வளவுதான். சுருக்கி வைத்த சாளரம் கமாண்ட்+டேப்புக்குத் தானாக எழுந்து வராது என்பதும் புதிதாக வருபவர்களைத் திணறடிக்கும். செயலியைத் தேர்ந்தெடுத்து, ஆப்ஷனையும் பிடித்துக்கொண்டு கமாண்டை விட்டால் வரும். ஒரே பட்டியலிலிருந்து கமாண்டை விடாமல் எச் அழுத்தி மறைக்கவும் க்யூ அழுத்தி மூடவும் முடிவது மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது.

விண்டோஸிலேயே இதற்கு நேர் எதிரான வழி ஒன்று உண்டு. 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல், விண்டோஸ் விசையோடு ஓர் எண்ணை அழுத்தினால், பணிப்பட்டையில் அந்த இடத்தில் இருக்கும் செயலி வரும், திறந்திருக்காவிட்டால் திறக்கும். உலாவியை முதலாவதாகவும் எழுத்துச் செயலியை இரண்டாவதாகவும் மின்னஞ்சலை மூன்றாவதாகவும் பொருத்தி வைத்தேன். பத்தாவது இடத்துக்குப் பூஜ்யம். ஒரு வாரத்தில் விரல்கள் பழகிவிட்டன. திரையைப் பார்க்காமலே மின்னஞ்சலுக்குப் போய் வர முடிந்தது. காலையில் எத்தனை சாளரம் திறந்தாலும் மூன்று என்றால் மின்னஞ்சல்தான். ஒரே செயலியில் பல கோப்புகள் இருந்தால் விண்டோஸ் விசையைப் பிடித்தபடி அந்த எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டும். அந்தச் செயலியில் கடைசியாக இருந்த கோப்புக்கே நேராகப் போக, கன்ட்ரோலையும் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவு பயனுள்ள ஒன்றைப் பத்தாண்டு காலம் விண்டோஸில் வேலை செய்தவர்கள்கூட அறியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

எண் முறையை முழுமையாகக் கொண்டுபோனது, லினக்ஸில் சாளரங்களை அடுக்கி நிர்வகிக்கும் ஐ3 என்ற மென்பொருள். 2009 முதல் இருக்கிறது. புதிய வேலேண்ட் திரை அமைப்புக்கு அதே வழியில் ஸ்வே வந்திருக்கிறது. இதில் எண் செயலிக்கு அல்ல, வேலைக்கு. ஒன்றாவது தளத்தில் மூலமும் திருத்தமும் பக்கம் பக்கமாக, இரண்டாவதில் பழைய பிரதி, நான்காவதில் அகராதிகள். சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தாமாகவே இடம் பகிர்ந்துகொள்கின்றன. பழைய பிரதி தனித் தளத்தில் இருப்பதால் என் பழைய தவறு மீண்டும் நடக்கவில்லை. விலையும் உண்டு: எல்லாவற்றையும் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதிச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்களை நான் கட்டாயப்படுத்த மாட்டேன்.

விண்டோஸிலும் மேக்கிலும் இப்படித் தனித்தனி டெஸ்க்டாப்கள் உண்டு. விண்டோஸில் கன்ட்ரோலும் விண்டோஸ் விசையும் அம்பும் சேர்த்துப் பக்கத்து டெஸ்க்டாப்புக்குத்தான் நகரலாம். எண்ணால் தாவ வழி தரப்படவில்லை. மேக்கில் கன்ட்ரோலோடு எண் அழுத்தித் தாவும்படி அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அண்மைப் பயன்பாட்டுக்கு ஏற்ப டெஸ்க்டாப்களை அதுவாகவே இடம் மாற்றும் அமைப்பு முதலிலிருந்தே இயங்கிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தாமல் எண்களைப் பழகிப் பயனில்லை.

பெயரைத் தட்டித் தேடும் வழியும் இருக்கிறது: மேக்கில் ஸ்பாட்லைட், லினக்ஸின் க்னோம் திரைச்சூழலில் சூப்பர் விசை (விண்டோஸ் விசைதான்). அரிதாகத் திறக்கும் செயலிகளுக்கு நல்லது. தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தடை: தமிழ்99 விசைப்பலகை இயங்கும்போது செயலியின் ஆங்கிலப் பெயரைத் தட்டினால் தேடல் பெட்டியில் தமிழ் எழுத்துகள் விழுகின்றன, மொழியை மாற்றிவிட்டு மறுபடி தட்ட வேண்டும். எண் வரிசையைத் தமிழ்99 தொடுவதில்லை. எந்த மொழியில் எழுதிக்கொண்டிருந்தாலும் விண்டோஸ் விசையும் மூன்றும் மின்னஞ்சலுக்கே கொண்டுபோகும்.

மொழியும் சாளரத்தோடு மாற வேண்டும் என்றால் விண்டோஸ் அமைப்புகளில் ‘நேரமும் மொழியும்’ பகுதியில், தட்டச்சின் கீழ், மேம்பட்ட விசைப்பலகை அமைப்புகளைத் திறந்து, ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி உள்ளீட்டு முறை என்ற தேர்வை இயக்குங்கள். அகராதிச் சாளரம் ஆங்கிலத்திலும் எழுத்துச் சாளரம் தமிழிலும் விட்ட இடத்திலேயே இருக்கும்.