டிவி பூசையா, கோயில் பூசையா? யாருக்கு எது சரி

கத்தோலிக்கத் தொலைக்காட்சியான மாதா டிவியைப் போட்டாலோ, யூடியூபில் வேளாங்கண்ணி நேரலையைத் திறந்தாலோ ஞாயிறு பூசை வீட்டுக்கே வந்துவிடுகிறது. இது கணக்கில் சேருமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. சேராது. ஞாயிறன்றும் கடன் திருநாள்களிலும் (பூசை கட்டாயமான திருநாள்கள்) பூசையில் பங்கேற்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1247. திரையில் பார்த்து அந்தக் கடனைத் தீர்க்க முடியாது. முந்தின நாள் மாலைப் பூசைக்குப் போனால் தீரும்.

ஆனால் நோயாளி, கைக்குழந்தையை வைத்திருப்பவர், படுத்த படுக்கையாக இருப்பவரை விட்டு நகர முடியாதவர் ஆகியோருக்கு அந்தக் கடனே இல்லை. பலருக்கு இது தெரிவதில்லை. டிவி பூசை அவர்களுக்குப் பக்தி முயற்சி, கட்டாயம் இல்லை. "டிவி பூசையில தூங்கிட்டேன் சாமி" என்று பாட்டி பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது) சொல்ல வேண்டியதில்லை.

காதில் விழுவதைப் பொறுத்தவரை டிவிக்குத்தான் வெற்றி. உயரமான கூரையுள்ள பழைய கோயில்களில் எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து பிரசங்கத்தில் பாதியை விழுங்கிவிடும். காது மந்தமானவர்கள் முன்வரிசைக்கு ஓடுகிறார்கள். சில கோயில்களில் அங்கே உட்கார்ந்தால் ஸ்பீக்கர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஸ்பீக்கர் மாட்டிய தூணுக்கு எதிரே, இரண்டு மூன்று பெஞ்சு தள்ளி உட்காருவது மேல். டிவியில் குருவின் மைக் சத்தம் நேராக வருவதால் ஒரு சொல்லும் தவறாது. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டு சுழற்சியில் எல்லாக் கோயிலுக்கும் பொது என்பதால், உங்கள் பங்குக் கோயிலில் வாசிப்பதைத்தான் அங்கேயும் கேட்பீர்கள்.

அந்தத் தெளிவிலேயே ஒரு குறையும் இருக்கிறது. மக்கள் பக்கம் மைக் வைக்காத ஒளிபரப்பில் சபையின் குரல் மங்கிப்போகும். "உம் ஆன்மாவோடும் இருப்பாராக" என்று நீங்கள் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நாளடைவில் வாய் மூடிக்கொள்ளும். பிறகு உட்கார்ந்தபடியே பார்ப்பது, அப்புறம் காபி டம்ளரோடு பார்ப்பது. யூடியூப் என்றால் எழுந்தேற்ற நேரத்தில் (குரு அப்பத்தையும் இரசக் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும்போது) விளம்பரம் குறுக்கே வரலாம். கேபிளில் பார்த்தால் அந்தத் தொல்லை குறைவு. போனிலிருந்து டிவிக்கு அனுப்பிப் பார்ப்பவர்கள் போனை ஃப்ளைட் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்து வைத்தால் நடுவில் அழைப்புத் தொல்லை குறையும். ஓடுவது நேரலையா, பதிவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விபூதி, குருத்தோலை, பெரிய வெள்ளியன்று சிலுவை முத்தம் எதுவும் திரை வழியே வராது. நன்மையும் (நற்கருணை) அப்படித்தான். டிவியில் குரு நன்மை கொடுக்கும்போது புனித அல்போன்ஸ் லிகோரியின் ஆன்மீக நற்கருணைச் செபத்தைச் சொல்லலாம். அது ஆசையைச் சொல்லும் செபம், நன்மைக்கு ஈடு இல்லை. கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் திருத்தந்தை தரும் 'ஊர்பி எத் ஓர்பி' (நகருக்கும் உலகுக்கும்) ஆசியை டிவியில் பெற்றாலும் பரிபூரணப் பலன் (பாவத்துக்கான தண்டனை முழுதும் நீங்கும் சலுகை) உண்டு. அதற்கும் பாவசங்கீர்த்தனமும் நன்மையும் நிபந்தனை.

நடமாடுகிறவர்கள் கோயிலுக்குப் போங்கள், அதில் பேச்சுக்கே இடமில்லை. எங்கள் கவலை எல்லாம் படுக்கையில் இருப்பவர்களைப் பற்றித்தான். 1252 கிறிஸ்துமஸ் இரவில் நோயாய்க் கிடந்த அசிசி நகரப் புனித கிளாராள் கோயிலில் நடந்த பூசையைத் தன் அறையிலிருந்தே கண்டார் என்பது மரபு. அதனால்தான் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் (பயஸ்) அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலி ஆக்கினார். ஆனால் "அம்மா டிவியில பூசை பார்த்துடுறாங்க" என்று வீட்டார் நிம்மதியாகிவிட்டால், அம்மா வீட்டோடு முடங்கியதே பங்குத்தந்தைக்குத் தெரியாமல் போகிறது. டிவி வாரம் தவறாமல் ஓடும். நன்மை வாங்கி வருடக்கணக்காகியிருக்கும்.

அன்பியப் (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழு) பொறுப்பாளரிடமோ பங்கு அலுவலகத்திலோ பெயர் கொடுங்கள். நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோக மாத முதல் வெள்ளியை வைத்திருக்கும் பங்குகள் நிறைய. கட்டிலருகே சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு உருவமுள்ள சிலுவை), மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர் போதும். விழுங்கச் சிரமப்படுகிறவர் என்று முன்கூட்டியே சொன்னால் அப்பத்தில் சிறு துணுக்கு மட்டும் தருவார்கள், தண்ணீரோடு விழுங்கலாம். அப்பம் அறவே இறங்காதவருக்கு திராட்சை இரச வடிவில் மட்டும் கொடுக்கவும் சட்டம் 925 இடம் தருகிறது. அதற்குக் குரு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதால் சில நாள் முன்பே சொல்லுங்கள். நன்மை வாங்குமுன் இருக்க வேண்டிய ஒரு மணி நேர உபவாசம் நோயாளிக்கும் முதியவருக்கும் கிடையாது, அவரைக் கவனிப்பவருக்கும் கிடையாது. அதனால் கூட இருப்பவரும் அப்போதே நன்மை வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் சனி மாலைப் பூசைக்கும் மற்றவர் ஞாயிறு காலைக்கும் போய்வரலாம்.