ஐப்பசியில் தேய்த்த கத்தி

இந்த மடக்குக் கத்தியை 2019-இல் வாங்கினேன். எட்டரை சென்டிமீட்டர் அலகு, துருப்பிடிக்கக்கூடிய கார்பன் எஃகு, பீச் மரப் பிடி, அலகைப் பூட்டத் திருகும் ஒரு வளையம். கோத்தகிரி வீட்டுப் பின்கட்டில் சணல் அறுப்பது முதல் பேரிக்காய் நறுக்குவது வரை எல்லாவற்றுக்கும் இதுதான்.

நீலகிரியின் கிழக்குப் பக்கத்தில் இருப்பதால் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. முதல் ஐப்பசியிலேயே கத்தி திறக்க மறுத்தது. மரம் ஈரத்தைக் குடித்து ஊதி, அலகை இருபுறமும் கவ்விக்கொண்டது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். பிடியின் பின்முனையை மேசையில் ஓங்கித் தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அவ்வளவே. அதே கத்தி, ஒரு கல்யாணத்துக்காகக் கீழே மேட்டுப்பாளையத்துக்குப் போய் மூன்று நாள் தங்கியபோது வெண்ணெய் போலத் திறந்தது. அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

மேலே வந்ததும் பழைய ஸ்டீல் ஸ்கேலில் உப்புத்தாளைச் சுற்றி, பிடியின் பிளவுக்குள் விட்டுத் தேய்த்தேன். அன்று மாலையே கத்தி அழகாகத் திறந்தது, எனக்கும் தலைகால் புரியவில்லை. மாசி வந்தது, மரம் காய்ந்து சுருங்கியது, குட்டு வெளிப்பட்டது. அலகு இணைப்பில் ஆடுகிறது. கேரட்டை அழுத்தி வெட்டினால் பக்கவாட்டில் சாய்கிறது. ஊதிய மரத்தை அளவாக வைத்துத் தேய்த்திருக்கிறேன். காய்ந்த மரத்துக்கு அந்த அளவு எப்படிப் பொருந்தும்? போன மரத்தை ஒட்டவைக்க வழியில்லை. இன்றுவரை கோடையில் வளையத்தைப் பூட்டாமல் கத்தியைப் பையில் போடுவதில்லை.

எண்ணெயிலும் இதே பாடம். முதலில் இணைப்பில் தேங்காய் எண்ணெய் விட்டேன். தை மாதக் காலையில் பாட்டிலில் உறைவது கத்திக்குள் மட்டும் உறையாதா? இப்போது அந்த இடத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய். பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைக்கும். சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்த்ததும் உண்டு. பழம் நறுக்கும் கத்தி என்பதால் எதுவும் கலக்காததை வாங்கினேன். அது காற்றுபட்டு இறுக வாரக்கணக்கில் ஆகும். பங்குனியில், மரம் நன்றாகக் காய்ந்திருந்தபோது மூன்று முறை பூசினேன். துடைத்த துணியைச் சுருட்டி வைக்காதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

அலகைக் கறுப்பாக்கியதில் மட்டும் எனக்கு வருத்தமே இல்லை. நீலகிரித் தைலத்தால் பிசுக்கைத் துடைத்துவிட்டு, கெட்டியான தேயிலை டிகாஷனில் சிறிது வினிகர் விட்டு அலகை மட்டும் நான்கு மணி நேரம் அமிழ்த்தினேன். தேயிலையின் துவர்ப்புப் பொருளான டானினும் இரும்பும் சேர்ந்து நீலம் கலந்த கறுப்பு படிந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "சர்க்கரை போட்டாயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். துரு அறவே நின்றுவிடவில்லை. ஈரத்தோடு மடக்கி வைத்தால் மறுநாள் செம்புள்ளி வரத்தான் செய்கிறது. ஆனால் முன்போல் மளமளவென்று பரவுவதில்லை.

வளையத்தைப் பிளையரால் நெம்பிக் கழற்றியது வேண்டாத வேலை. சற்று விரிந்துவிட்டது, ஒருமுறை பூட்டு நழுவி அலகு விரலில் மடங்கியது. பிறகு நெருக்கிச் சரிசெய்தேன், தழும்பு இருக்கிறது.

போன ஐப்பசியில் கத்தி முரண்டு பிடித்தது, ஆனாலும் நகத்துக்கே திறந்தது. அண்ணன் மகன் இப்போது அதே மாதிரி ஒன்றை வாங்கி வந்து, உப்புத்தாள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். பங்குனி வரை தரமாட்டேன் என்று ஒளித்து வைத்திருக்கிறேன்.