தஞ்சாவூர் ஏசி பார்: கவுண்டருக்கு ஃபுல் மார்க், பில்லுக்குப் பாதி மார்க்

பேரு போடல, அங்க வேலை பாக்குற பசங்களுக்குத் தொல்லையாயிரும். தஞ்சாவூர்ல ரூம், கல்யாண ஹால்லாம் சேர்ந்த ஹோட்டலோட பார், அவ்ளோ போதும். டாஸ்மாக் விலைக்கும் இங்க போடுற விலைக்கும் ஏணி வச்சாலும் எட்டாது, ஹோட்டல் பார்னா எங்கயும் அப்படித்தான், அத விடுங்க.

கவுண்டர்ல நிக்கிற தம்பி திருவாரூர் பக்கம், கை சுத்தம். பெக் மெஷர நம்ம கண்ணு முன்னாடி தூக்கிக் காட்டி 30 எம்எல் விளிம்பு வரைக்கும் நெரப்பி ஊத்துவாப்ல, ஐஸ் கேட்டாத்தான் போடுவாப்ல, எலுமிச்சம்பழத்த அப்பத்தான் நறுக்குவாப்ல. நெத்திலி வறுவல் மொறுமொறுன்னு சூப்பர். சில்லி சிக்கன் சுமார், கலர் பொடி தூக்கல்.

பில்லுலதான் வில்லங்கம். சாப்பாட்டுக்கு 5% ஜிஎஸ்டி சரி, சரக்குக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில அரசு போடுற வாட் வரில வந்துரும், அதுவும் சரி, ஆனா கடைசில சர்வீஸ் சார்ஜ் 10%னு ஒண்ண சொருகியிருந்தாங்க. இத கேக்காம பில்லுல சேக்கக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலயே சொல்லிருச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது செல்லும்னு சொல்லிருச்சு. மேனேஜர்கிட்ட இத சொன்னதும் "ஸ்டாஃபுக்குத்தான் சார் போகுது"ன்னாரு, அப்புறம் மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டே வேற பில் போட்டுக் குடுத்தாரு.

தம்பிகிட்ட மெதுவா கேட்டேன். "அதுல எங்களுக்கு ஒண்ணும் வராதுண்ணே, டிப்ஸ் டப்பாவுல விழுறதுதான் எங்களுக்கு"ன்னாப்ல. சம்பளம் 16,000. பேசிக் 10,000க்கு 12% பிஎஃப் 1,200 போகுது, இஎஸ்ஐ 0.75%னு 120 போகுது, மிச்சம் 14,680, அதுலயும் மெஸ் காசு பிடிச்சிட்டுத்தான் கைல குடுக்குறாங்க. பிஎஃப்ஆவது பின்னாடி அவருக்கே வரும், சரி. டப்பாவ வாரக் கடைசில ஒடச்சி கேப்டன் (சர்வர்களுக்கு மேல இருக்கவரு), ஸ்டூவர்ட் (சர்வர்), பார் ஆளு, டேபிள் துடைக்கிற பையன்னு ஆளுக்கொரு பங்கு, இதுல கேப்டன் பங்கு மட்டும் ஏன் ரெண்டு மடங்குன்னு யாரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க. முகூர்த்த மாசத்துல நல்லா விழுமாம், ஆடியில ஈ ஓட்டணுமாம். பொங்கலுக்கு வெளியூர்ல இருக்கவன்லாம் ஊருக்கு வந்து பாக்கெட்ல காசோட சுத்துற நேரம் பாத்து மாட்டுப்பொங்கல் அன்னிக்கு திருவள்ளுவர் தினம்னு பார் லீவு, அந்த நாள் வரும்படி அம்பேல்.

டாக்ஸ் பத்தியும் பேச்சு வந்துச்சு. டிப்ஸும் வருமானந்தான், ஆனா கஸ்டமர் கார்டுல போட்டு ஹோட்டல் பிரிச்சுக் குடுக்குற டிப்ஸ் சம்பளத்துல சேராது, அதுக்கு ஹோட்டல் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிச்சுக் கட்டுற வரி) பிடிக்க வேணாம்னு 2016ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, வாங்குறவருதான் இதர வருமானம்னு கணக்கு காட்டணும். இவரு வாங்குற காசுக்கு அந்தக் கவலையே வேணாம், புது வருமான வரி முறையில வருஷத்துக்கு 4 லட்சம் வரைக்கும் வரியே கிடையாது. அமெரிக்காவுல டிப்ஸ் வாங்குற வேலைக்கு ஃபெடரல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991லேருந்து அதே ரேட்டு, அதான் அங்க டிப்ஸ் வைக்காம எந்திரிச்சா ஒரு மாதிரி பாக்குறாங்க. நம்மூர்ல சில்லறைய வச்சிட்டு எந்திரிக்கிறதே பெரிய மனசுன்னு நெனப்பு.

போறவங்க சர்வீஸ் சார்ஜ எடுக்கச் சொல்லிட்டு அந்தக் காச கவுண்டர் மேல இருக்க டப்பாவுல போடுங்க. ஜிபேல குடுக்குறதா இருந்தா க்யூஆர்ல யாரு பேரு வருதுன்னு பாத்துட்டு அனுப்புங்க, டேபிள்ல ஒட்டியிருக்கது கடையோட அக்கவுண்டு.

அஞ்சுக்கு மூணு. சனிக்கிழமை ஏழரைக்கு மேல போனா டேபிள் கிடைக்காது, கார்ல போனா பார்க்கிங்குக்கு அல்லாடணும், ஆட்டோல போறதுதான் நல்லது, குடிச்சிட்டு எப்படியும் ஓட்டப்போறதில்லல்ல.