‘கிவ் அப்’ என்பதற்கு எதிர்ச்சொல் எது? மெரியம்-வெப்ஸ்டர் இணையச் சொற்களஞ்சியம்: ஒரு மதிப்புரை

‘கிவ் அப்’ போல ஒரு வினையும் ‘அப்’ போன்ற சிறு சொல்லும் சேர்ந்து ஒரே பொருள் தரும் ஆங்கிலக் கூட்டுவினைகளுக்கு எதிர்ச்சொல் தேடுவோருக்கு, 1831 முதல் இயங்கிவரும் மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனத்தின் இணையச் சொற்களஞ்சியத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். கட்டணமின்றிக் கிடைக்கும் இதன் பெரும்பலம், ஒரு வினையின் ஒவ்வொரு பொருளையும் தனியே பிரித்து, அந்தந்தப் பொருளுக்குரிய எதிர்ச்சொற்களை அதனதன் கீழேயே தருவதுதான்.

‘கிவ் அப்’ என்பது கையிலிருப்பதை விட்டுக்கொடுப்பதைக் குறித்தால் ‘கீப்’, ‘ரிடெய்ன்’ என்பன எதிராகும். முயற்சியையோ பழக்கத்தையோ கைவிடுவதைக் குறித்தால் ‘கன்டின்யூ’, ‘கேரி ஆன்’ என்பனவே பொருந்தும். ‘அப்’ என்பதை ‘டவுன்’ என்று மாற்றினாலே எதிர்ச்சொல் கிடைத்துவிடும் என நம்பும் மாணவர்களுக்கு இந்தப் பாகுபாடு மிகவும் அவசியம். ஏனெனில் ‘கிவ் டவுன்’ என்பது ‘கிவ் அப்’ என்பதன் எதிர்ச்சொல்லாக வழக்கில் இல்லை.

எதிர்ச்சொற்களைப் பயன்படுத்தும் முறையை அறிய, ஒவ்வொன்றின் பக்கத்தையும் தனியே திறந்து எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படிப்பது நல்லது.