கேட்வேயில் திங்கட்கிழமைக்கு எலிஃபன்டா விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

மும்பை போகிறவர்கள், அதிலும் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே கடலுக்குள் தீவில் இருக்கும் எலிஃபன்டா குகைகளுக்கு வாராவாரம் திங்கட்கிழமை விடுமுறை. இது தெரியாததால் எங்களுக்கு 3,400 ரூபாய் போனது. பணமாவது போகட்டும். 74 வயது அப்பா, பல வருஷமாக ஆசைப்பட்ட ஒன்றை, கண்ணுக்குத் தெரியும் தூரம் வரைக்கும் வந்தும் பார்க்காமல் ஊர் திரும்பினார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பா ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே இருக்கும் மும்முகச் சிவனின் படத்தை வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருப்பார். கிட்டத்தட்ட 20 அடி உயரம், தனியாகக் கொண்டுவந்து வைத்த சிலை இல்லை, மலையையே குடைந்து செதுக்கியது. "ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் கனிவு, நடுவுல ரெண்டும் அடங்கின அமைதி. மூணும் ஒரே கல்லுதான் பாருங்க" என்று பிள்ளைகளுக்குச் சொல்வார். நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவள். அவர் நேரில் பார்த்ததே கிடையாது.

போன நவம்பரில் மாதுங்காவில் ஒரு உறவுக்காரக் கல்யாணம். ஞாயிறு காலை முகூர்த்தம், செவ்வாய் மதியம் திரும்புகிற ரயில். நடுவில் இருந்த திங்கட்கிழமையை அப்பாவுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தோம்.

ஞாயிறு சாயங்காலம் கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் போனோம். அப்பா, நான், கணவர், மகள். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தோம். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பியது. அவர் வந்தபோது கட்டடமே கிடையாது, வேலை முடிந்து திறந்தது 1924-ல். கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு 1948 பிப்ரவரியில் இதன் வழியாகத்தான் வெளியேறியது. அப்பா மகளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஆள் பக்கத்தில் வந்தார்.

கழுத்தில் நாடா போட்ட அடையாள அட்டை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட படங்கள். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தமிழா? வாங்க அண்ணே, வாங்கம்மா" என்றார். அந்த ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் தமிழில் கூப்பிட்டதும் மனசு இளகிவிட்டது. முதல் படமே மும்முகச் சிவன். அப்பா அந்தப் படத்தைக் கையில் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் நாங்கள் வாங்கிவிடுவோம் என்று அந்த ஆளுக்குப் புரிந்திருக்கும்.

ஏசி மினி பஸ், பாரம்பரியக் கட்டடங்களைச் சுற்றி நடை, மரைன் டிரைவ், தொங்கும் தோட்டம், ஹாஜி அலி தர்கா, சீ லிங்க் கடல் பாலம், கடைசியில் படகு, எலிஃபன்டா. தலைக்கு 850 ரூபாய். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சில அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை லீவு விடுவது தெரியும் என்பதால், "நாளைக்குத் திங்கட்கிழமையாச்சே, எலிஃபன்டா திறந்திருக்குமா?" என்று நேராகவே கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், கவனியுங்கள்: "போட் டெய்லி இருக்கும்மா, கவலைப்படாதீங்க."

நான் கேட்டது குகையை, அவர் பதில் சொன்னது படகுக்கு. கேட்வேயிலிருந்து துறைமுகத்தைச் சும்மா ஒரு சுற்று சுற்றிக் காட்டும் படகு திங்கட்கிழமையும் ஓடும். ஆக, அவர் வாயிலிருந்து பொய்யே வரவில்லை. எத்தனையோ பேர் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, தேய்த்துத் தயார் செய்து வைத்திருக்கும் பதில் அது.

ரசீதும் அதே மாதிரிதான். கால் பக்கத் தாள், நீல மையில் "மும்பை தர்ஷன் + போட், 4 பேர், 3,400". எலிஃபன்டா என்ற சொல் எங்கேயும் இல்லை. மேலே டிராவல்ஸ் என்று மட்டும் அச்சு. முகவரி இல்லை, பதிவு எண் இல்லை, ஒரு கைபேசி எண் உண்டு. பணத்தை யூபிஐயில் அனுப்பினோம். போனது எந்த நிறுவனத்துக்கும் இல்லை, ஒரு தனி ஆளின் பெயருக்கு. திரையில் அந்தப் பெயர் தெரிந்தும் அப்போது உறைக்கவில்லை.

திங்கள் காலை 8 மணிக்கு என்ற பஸ் 9.40-க்கு வந்தது. ஏசி ஓடவில்லை. பாரம்பரிய நடை என்றார்களே, அதற்காக யாரும் பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. ஜன்னல் வழியாக "அது ஹைகோர்ட், அது யுனிவர்சிட்டி" என்று ஒரு பையன் கை காட்டினான், தாண்டிவிட்டோம். மரைன் டிரைவில் வண்டி நிற்கவே இல்லை. ஹாஜி அலியையும் சாலையில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கடலுக்குள் போகும் அந்தப் பாதை அலை ஏறினால் மூழ்கிவிடும், அதனால் நேரம் பார்த்துத்தான் போக முடியும் என்பது உண்மை. ஆனால் நாங்கள் கடந்தபோது ஜனங்கள் அதில் வரிசையாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

மலபார் ஹில்லில் தொங்கும் தோட்டத்துக்கு 20 நிமிஷம் கொடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டிகளுக்கு மேலே 1880-களில் போட்ட தோட்டம் அது, நிதானமாக நடந்தால் நன்றாக இருக்கும். அப்பா செருப்பைச் சரிசெய்துகொண்டு நாலு எட்டு வைப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அதற்கு அடுத்து கைவினைப் பொருள் கடை ஒன்றில் 50 நிமிஷம் நிறுத்தினார்கள்! அந்தக் கடை பட்டியலிலேயே கிடையாது. "ஏம்மா, படகுக்கு நேரமாகலையா?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். "போயிடலாம்ப்பா" என்றேன்.

படகில் ஏறும்போது மணி மூன்றரை. உட்கார்ந்ததும் உயிர்க்காப்பு உடுப்பு எங்கே என்று பார்த்தேன். 2024 டிசம்பர் 18-ல் இதே கேட்வேயிலிருந்து எலிஃபன்டா போன பயணிகள் படகில் கடற்படையின் விரைவுப் படகு மோதி எத்தனை உயிர் போனது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். இங்கே உடுப்புகளை மேல்தளக் கம்பியில் மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். கேட்ட பிறகுதான் அவிழ்த்தார்கள். அப்பாவுக்குக் கொடுத்ததில் நடு வார் இல்லை. மாற்றித் தரச் சொல்லி நான் சத்தம் போட வேண்டியிருந்தது. யார் என்ன நினைத்தாலும் சரி, வார், பூட்டு எல்லாம் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

படகு கிளம்பிக் கால் மணி நேரம் இருக்கும். அப்பா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். தூரத்தில் மங்கலாக ஒரு மேடு. அதுதானா என்று ஓட்டுபவரிடம் சைகையால் கேட்டார். "ஹாம், வஹீ" (ஆமாம், அதுதான்) என்றார் அவர். பிறகு கையை விரித்து, "ஆஜ் சோம்வார் ஹை பாபா. பந்த்." இன்றைக்குத் திங்கட்கிழமை, மூடியிருக்கும் என்கிறார். சொல்லிக்கொண்டே படகைத் திருப்பினார்.

அப்பாவுக்கு இந்தி வராது, ஆனால் 'பந்த்' புரிந்துவிட்டது. திரும்பி என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மேடு பின்னால் போகப் போக, உடம்பைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கரை வந்து சேரும் வரை உட்காரவே இல்லை.

இறங்கியதும் அந்த எண்ணுக்கு அடித்தோம், அணைத்து வைத்திருந்தது. பஸ்காரரோ, "வண்டி மட்டும்தான் எனது, டிக்கெட் விற்றது யாரென்று தெரியாது" என்றார். அங்கே இருந்த காவலரிடம் சொன்னோம், எழுதிக்கொண்டார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், தமிழிலேயே பேசினார்கள், பொறுமையாகவும் கேட்டார்கள். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டுமே! என்னிடம் இருந்தது கால் பக்கத் தாளும் ஒரு பரிவர்த்தனை எண்ணும்தான். புகார் இன்றுவரை அப்படியே நிற்கிறது.

ராத்திரி மாதுங்காவில் விஷயத்தைச் சொன்னபோது, பத்தாவது படிக்கும் பிள்ளை, "திங்கட்கிழமை எலிஃபன்டா மூடியிருக்குமே அத்தை" என்றான். அந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. கல்யாண அலுப்பில் இருக்கிறார்களே, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நாங்கள்தான் யாரையும் கேட்காமல் இருந்தோம்.

எலிஃபன்டாவுக்கு இடையில் ஆளே தேவையில்லை. கேட்வேயிலேயே படகு டிக்கெட் கொடுக்குமிடம் இருக்கிறது. நாங்கள் விசாரித்தபோது போய்வர ஒருவருக்கு முந்நூறு ரூபாய்க்குள்தான் சொன்னார்கள். குகைக்குத் தொல்லியல் துறை நுழைவுச்சீட்டு இந்தியர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். போக ஒரு மணி நேரம் ஆகும், காலையில் 9 மணி வாக்கிலேயே படகு கிளம்ப ஆரம்பித்துவிடும். தீவில் இறங்கும் இடத்திலிருந்து படி அடிவாரம் வரை சின்ன ரயில் உண்டு. அதற்கு மேல் சுமார் 120 படி. முட்டி முடியாதவர்களை டோலி நாற்காலியில் தூக்கிப் போகிறார்கள், கூலியை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் கிளம்பினால் அவசர அவசரமாகத்தான் பார்க்க வேண்டிவரும். ஆகவே எலிஃபன்டாவைக் கடைசியில் வைத்திருக்கும் எந்த ஒருநாள் சுற்றுலாவையும் நம்பாதீர்கள், அது எந்தக் கிழமையாக இருந்தாலும். போரிவலிப் பக்கம் இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும் அதற்குள் இருக்கும் கன்ஹேரி குகைகளும்கூடத் திங்களன்று கிடையாது.

இன்னொன்று. யாராவது ஒரு பட்டியலை நீட்டினால், ஒவ்வொரு இடத்துக்கும் "இறங்குவோமா, உள்ளே போவோமா, எத்தனை நிமிஷம்" என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

எங்களுக்கு 850 ரூபாய்க்கு விற்ற பட்டியலில் பாதி இடங்களுக்குக் காசே தேவையில்லை என்று தெரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று சாயங்காலமே மீட்டர் போட்ட கறுப்பு மஞ்சள் டாக்சியில் மரைன் டிரைவ் போனோம். (முதல் டாக்சிக்காரர் மீட்டர் இல்லாமல் 400 கேட்டார், விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினோம். குறைந்தபட்சக் கட்டணம் 31 ரூபாய்தான். தென் மும்பையில் ஆட்டோ கிடையாது.) நாரிமன் பாயின்ட் முனையிலிருந்து சௌபாத்தி நோக்கி, அப்பா எவ்வளவு தூரம் முடியும் என்றாரோ அவ்வளவு தூரம் நடந்தோம். ஒரு பக்கம் கடல், நாலு கால் கான்கிரீட் கற்கள்மேல் அலை வந்து உடைகிறது. இருட்டத் தொடங்கியதும் வளைவு முழுக்க விளக்கு எரிந்தது. யாரும் விசில் ஊதவில்லை.

செவ்வாய் காலை, ரயிலுக்கு முன்னால், பஸ்ஸில் காட்டாமல் விட்ட நடையை நாங்களாகவே போனோம். சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையத்துக்கு எதிரே நின்று அப்பா அரை மணி நேரம் அந்தக் கல் வேலைப்பாட்டைப் பார்த்தார். அங்கிருந்து ஃப்ளோரா ஃபவுன்டன், ஓவல் மைதானம். மைதானத்துக்கு ஒரு புறம் உயர் நீதிமன்றம், ராஜாபாய் மணிக்கூண்டு என்று விக்டோரியா காலத்துக் கூர்மாடங்கள். எதிர்ப் புறம் ஆர்ட் டெகோ பாணி அடுக்குமாடி வீடுகள், வளைந்த பால்கனிகள். இரண்டு வரிசையையும் சேர்த்து 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பா மைதான ஓரத்தில் நின்று, விரலால் காற்றில் அந்தக் கூர்மாடத்தை வரைந்து மகளுக்குக் காட்டினார். நேற்று முழுக்க அவர் பேசாத பேச்சை அந்த ஒரு மணி நேரத்தில் பேசினார்.

தீவுக்குப் பெயர் வரக் காரணமான கல் யானை இப்போது தீவில் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பைகுல்லாவில், பாவ் தாஜி லாட் அருங்காட்சியக வளாகத்தில் நிற்கிறதாம். அதற்குப் புதன்கிழமை விடுமுறை. ரயிலில் அப்பா இதைச் சொல்லிவிட்டு, "ரெண்டையும் பாக்கணும்னா வியாழன், வெள்ளி தோதா இருக்கும்மா" என்றார்.

பிப்ரவரிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். வியாழன் காலை முதல் படகு.