பாரிஸுக்குப் போகாமல் பிரான்ஸ்: தோர்தோன் ஆற்றங்கரைக் கிராமத்தில் ஒரு வாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஈஃபில் டவர் பற்றி இதில் ஒன்றும் இல்லை. மகளும் மாப்பிள்ளையும் தென் பிரான்சில் துலூஸ் நகரில் இருக்கிறார்கள், மாங்காய் சீசன் முடிந்து கடைசி லோடு பெங்களூரா ரக மாங்காய் கூழ் ஃபேக்டரிக்குப் போன பிறகு செப்டம்பரில் நானும் வீட்டுக்காரரும் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்திலிருந்து கிளம்பினோம். துலூஸிலிருந்து வடக்கே காரில் இரண்டரை மணி நேரம் போனால் தோர்தோன் ஆறு ஓடுகிற பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே சர்லா என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கிராமத்தில், பழைய கல் வீடு ஒன்றை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற நம் பக்கத்துக்காரர்கள் நிறையப் பேர் 'பஸ் டூரில் பத்து ஊர் பார்ப்பதா, ஒரே இடத்தில் இருப்பதா' என்று கேட்கிறார்கள். ஒரே இடத்தில் இருங்கள். அதுவும் அடுப்படி இருக்கிற வீட்டில் இருங்கள்.

இந்த மாதிரி வாடகை வீட்டை அங்கே 'ஜீத்' என்கிறார்கள். பல இடங்களில் விவசாயக் குடும்பங்கள் தங்கள் பழைய தொழுவத்தையோ களஞ்சியத்தையோ சரி செய்து வாடகைக்கு விடுவது. ஓட்டலுக்கு நட்சத்திரம் போடுவது போல இதற்குக் கோதுமைக் கதிர் போடுகிறார்கள், ஒன்றிலிருந்து ஐந்து வரை. எங்களுடையது மூன்று கதிர் வீடு. இரண்டு படுக்கையறை, முழங்கை நீளத்துக்குக் கனமான மஞ்சள் சுண்ணாம்புக்கல் சுவர், பகலில் வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே ஜில்லென்று இருக்கும். சமையலறையில் நான்கு அடுப்பு, பெரிய பாத்திரங்கள், நல்ல கத்தி எல்லாம் இருந்தது. நான் ராகி மாவும் புளியும் மிளகாய்த்தூளும் கொண்டு போயிருந்தேன், மூன்றாம் நாள் களி கிண்டி அங்கே சந்தையில் வாங்கிய கீரையைக் கடைந்து வைத்தபோது எட்டு வயதுப் பேரன் இரண்டு உருண்டை சாப்பிட்டான். ஓட்டலில் தங்கியிருந்தால் இது நடந்திருக்காது, வீட்டுக்காரருக்கும் நான்காம் நாளே வயிறு கெட்டிருக்கும்.

வாடகை ஒரு வாரத்துக்கு 640 யூரோ. யூரோ கிட்டத்தட்ட நூறு ரூபாய் என்று போட்டுக்கொள்ளுங்கள், ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 1,800 ரூபாய்தான் ஆகிறது. ஜூலை, ஆகஸ்டில் அவர்களுக்குப் பள்ளி விடுமுறை, இதே வீட்டுக்கு வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

குறைகளையும் சொல்ல வேண்டும். படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேராது என்பதை விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள், நாங்கள் கவனிக்கவில்லை, போய் இறங்கிய பிறகு ஆளுக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்டினோம். கடைசி நாள் வீடு கூட்டித் துடைத்துத்தான் சாவியைக் கொடுத்தோம், அப்படியும் சுத்தம் செய்யும் கூலி என்று 60 யூரோ முன்பணத்தில் பிடித்துவிட்டார்கள். மகள் பேசிப் பார்த்தாள், ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார்கள். அது எனக்கு இன்னும் வருத்தம்தான். கட்டுவதாக இருந்தால் முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கலாம், நானும் மகளும் காலையில் மூன்று மணி நேரம் அதில் செலவழித்திருக்க மாட்டோம். அப்புறம் மாடிக்குப் போகிற மரப்படி ரொம்பச் செங்குத்து, முழங்கால் வலி இருப்பவர்கள் கீழே படுக்கையறை உள்ள வீடாகக் கேட்டு வாங்குங்கள். செல்போன் சிக்னல் வீட்டுக்குள் சுத்தமாக இல்லை, வைஃபை கூடத்தில் மட்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு. கடை எல்லாம் அடைத்துவிட்டார்கள். மறுநாள் ஞாயிறு, மதியம் பன்னிரண்டரை வரைதான், திங்களன்று பாதிக் கடைகள் திறக்கவே இல்லை. நம் ஊர் போல ராத்திரி பத்து மணிக்கு ஒரு பாக்கெட் பால் வாங்கி வரலாம் என்ற நினைப்பே கூடாது. சாப்பாட்டுக் கடையும் அப்படித்தான், மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, இரவு ஏழிலிருந்து ஒன்பது, இரண்டே காலுக்குப் போனால் அடுப்பு அணைத்தாயிற்று என்பார்கள். இது அலட்சியம் இல்லை, அவர்கள் நேரம் அப்படி. இரண்டு நாளில் நாங்களும் அதற்குப் பழகிவிட்டோம், பழகியதும் நாள் நீளமாகிவிட்டது போல இருந்தது. இன்னொன்று, எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். வணக்கம் வைக்காமல் நேராக விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும், சொன்னால் அந்தக் கையோடு சிரித்துப் பேசுவார்கள், மொழி புரிகிறதோ இல்லையோ.

பார்க்க வேண்டியதில் எனக்கு முதலிடம் குகைகளுக்குத்தான். லாஸ்கோ என்ற பெயரைப் பலர் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1940 செப்டம்பர் 12 அன்று மோந்திஞாக் ஊரில் பையன்கள் நான்கு பேர் குன்றில் ஒரு பொந்துக்குள் இறங்கிப் பார்த்த குகை, 17,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய காளைகளும் குதிரைகளும் மான்களும் சுவர் முழுக்க. 1948-ல் மக்களுக்குத் திறந்தார்கள், தினமும் ஆயிரம் பேருக்கு மேல் உள்ளே போய் மூச்சு விட்டதில் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி படர ஆரம்பித்தது, 1963-ல் மூடிவிட்டார்கள். இன்று நாம் பார்ப்பது நகல். 2016 டிசம்பரில் திறந்த லாஸ்கோ 4 என்பது அந்தக் குகையின் முழு வடிவத்தையும் சுவரின் மேடு பள்ளம் வரைக்கும் அப்படியே செய்து வைத்திருக்கும் பெரிய கட்டடம். நகலைப் பார்க்க இவ்வளவு பணமா என்று வீட்டுக்காரர் டிக்கெட் வாங்கும்போது முனகினார். உள்ளே போய் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான அந்தக் காளை தலைக்கு மேல் நிற்பதைப் பார்த்ததும் பேசவே இல்லை. அசலைக் காப்பாற்ற நகலைக் காட்டுகிறார்கள், அதில் எனக்கு முழு சம்மதம்.

ஆனால் ஒரே ஒரு குகைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ரூஃபிஞாக் போங்கள், அது அசல். சின்ன மின்சார ரயிலில் உட்கார வைத்து மலைக்குள் ஒரு கிலோமீட்டர் தூரம் கொண்டுபோகிறார்கள், வழியில் விளக்கை ஒவ்வொன்றாகப் போட்டு அணைக்கிறார்கள். மனிதர்கள் வருவதற்கு முன்பே குகைக் கரடிகள் அங்கே உறங்கியிருக்கின்றன, அவை நகத்தால் பிறாண்டிய கோடுகள் சுவரில் அப்படியே இருக்கின்றன, தரையில் அவை படுத்த குழிகளும். கடைசியில் ரயில் நின்று, தலைக்கு மேல் தாழ்வான கூரையில் கறுப்புக் கோட்டில் மாமூத் யானைகள், காட்டுக் குதிரைகள், ஆடுகள். குகை முழுக்க நூற்றுக்கும் மேல் மாமூத் வரைந்திருக்கிறார்களாம். படுத்துக்கொண்டு, கொழுப்பு விளக்கு வெளிச்சத்தில், ஒரே இழுப்பில் யானையின் முதுகை இழுத்திருக்கிறான் ஒருவன். புகைப்படம் எடுக்கக் கூடாது, எடுக்காததும் நல்லதுதான், கண்ணால் பார்த்தோம். உள்ளே எப்போதும் 13 டிகிரிதான், ஸ்வெட்டர் வேண்டும்.

அங்கே நின்றபோது எனக்குப் பர்கூர் பக்கத்து மல்லப்பாடி ஞாபகம் வந்தது. பாறையில் வெள்ளைக் கோட்டில் குதிரை மேல் ஆட்கள் சண்டை போடுகிற ஓவியம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அவ்வளவு பழையதும் இல்லை, அவ்வளவு பெரியதும் இல்லை, ஆனால் நம்முடையது. லாஸ்கோவில் கூட்டம் மூச்சு விட்டதற்கே ஒரு குகையை மூடி, அதே மாதிரி இன்னொன்றைக் கட்டியிருக்கிறார்கள். நம் பாறையில் பெயர் கிறுக்குகிறவர்களை நினைத்து எனக்கு மனது கஷ்டமாகிவிட்டது. பேரன் நம் ஊருக்கு வரும்போது அவனை அங்கே கூட்டிப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆற்றுக்கு வருவோம். ஒகேனக்கல்லில் பரிசல்காரர் துடுப்புப் போட நாம் உட்கார்ந்து வருவோம், தோர்தோனில் நாமேதான் போட வேண்டும். செனாக்கில் படகு எடுத்து பெனாக் வரை ஒன்பது கிலோமீட்டர் போனோம். உயிர்காப்பு அங்கியும், போன், சாப்பாடு வைக்க மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவும் தருகிறார்கள், இறங்கும் இடத்திலிருந்து அவர்கள் வண்டியிலேயே திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். செப்டம்பரில் தண்ணீர் மெதுவாக, பல இடத்தில் முழங்கால் ஆழம்தான், கூழாங்கல் தெரியும். எனக்கு 58 வயது, இதற்கு முன் துடுப்பைத் தொட்டதில்லை, மகளோடு ஒரே படகில் உட்கார்ந்து முழுத் தூரமும் போனேன். லா ரோக்-கஜாக் என்ற ஊர் வழியில் வருகிறது, செங்குத்துப் பாறைக்கு அடியில் வரிசையாக மஞ்சள் வீடுகள், அத்தனையும் தண்ணீரில் தெரிகின்றன. துடுப்புப் போட முடியாதவர்களுக்கு அங்கேயே 'கபார்' என்ற தட்டையான மரப்படகு இருக்கிறது, முன்பு மலைக்காட்டு ஓக் மரத்தை ஒயின் பீப்பாய்க்காகக் கீழே கொண்டுபோன படகுகளின் மாதிரியில் செய்தது. ஒரு மணி நேரம் போல சுற்றிக் காட்டுகிறார்கள். வீட்டுக்காரரும் பேரனும் அதில் போனார்கள், திருப்தி.

கோட்டைகளைப் பொறுத்தவரை காஸ்தெல்னோ ஒன்று போதும். எதிர்க்கரையில் பெனாக் கோட்டை, இந்தப் பக்கம் இது, நூறாண்டுப் போரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆற்றுக்கு இரு பக்கமும் நின்று அடித்துக்கொண்ட இடம். பெரிய மரக் கல்லெறி பொறிகளை அதே அளவில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள், ராயக்கோட்டை ஏறி வளர்ந்த வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பக்கத்திலேயே மிலாந்த் மாளிகை. அமெரிக்காவில் பிறந்து பிரான்சில் பாடகியாக, நடனக்காரியாகப் பெயர் பெற்ற ஜோசஃபின் பேக்கர் 1947-ல் வாங்கியது, இரண்டாம் உலகப் போரில் உளவு வேலை செய்து பதக்கம் பெற்றவர், பல நாட்டுக் குழந்தைகள் பன்னிரண்டு பேரைத் தத்தெடுத்து அங்கே வளர்த்தார். கடனில் மூழ்கி 1968-ல் வீடு கைவிட்டுப் போனது, மறு வருடம் அவர் சமையலறை வாசற்படியில் போர்வையோடு உட்கார்ந்திருக்கும் படத்தை அங்கே பார்த்தேன். அந்தப் படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

சர்லா சந்தை புதன் காலையிலும் சனிக்கிழமையும். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தை போல ஆடு மாடெல்லாம் கிடையாது, ஆனால் விளைவித்தவரே விற்கிற பழக்கம் அதே. வால்நட், வால்நட் எண்ணெய், காட்டுக் காளான், உள்ளங்கை அகல ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. சுவைக்கக் கேட்டால் தயங்காமல் தருவார்கள், பேரம் மட்டும் பேசாதீர்கள். ஒரு பழைய தேவாலயத்தையே மூடிய சந்தையாக மாற்றியிருக்கிறார்கள், அந்த ஊரில் வளர்ந்த கட்டடக் கலைஞர் ஜான் நூவெல் அதற்கு வானுயரக் கதவு போட்டிருக்கிறார்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது, அங்கே உருளைக்கிழங்கு வறுவல்கூட வாத்துக் கொழுப்பில்தான். கேட்டு வாங்குங்கள். வாத்து ஈரல் அந்தப் பக்கத்துப் பெருமை, எல்லாக் கடையிலும் டின் டின்னாக அடுக்கியிருக்கிறார்கள். ஈரல் பெருக்க வேண்டும் என்று குழாய் வைத்துத் தொண்டைக்குள் மக்காச்சோளம் திணிக்கிற முறை அது. நாங்கள் கோழி வளர்த்து அறுத்துச் சாப்பிடுகிற குடும்பம்தான், இருந்தாலும் அதை என்னால் ஏற்க முடியவில்லை, வாங்கவும் இல்லை.

ரொக்கமதூரும் பதிராக்கும் ஒரே நாளில் முடியும், காரில் ஒரு மணி நேரம். ரொக்கமதூர் பாறையில் தொங்குகிற மாதா கோயில் ஊர், 216 படி, முழங்காலாலேயே ஏறி வேண்டுதல் முடித்தவர்கள் உண்டாம், தீர்த்தமலை ஏறியவர்களுக்கு மூச்சு வாங்காது. பதிராக் 75 மீட்டர் ஆழமான பாதாளக் கிணறு, கீழே ஓடும் ஆற்றில் படகில் கூட்டிப் போகிறார்கள். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள்.

வண்டி இல்லாமல் இந்தப் பக்கம் வர வேண்டாம். சர்லாவுக்கு போர்தோவிலிருந்து ரயில் இருக்கிறது, ஆனால் அதன் பிறகு கிராமத்துக்குக் கிராமம் போக பஸ் அரிது. மாப்பிள்ளை ஓட்டினார், அங்கே வலது பக்கப் போக்குவரத்து. விசாவுக்கு மகள் அவர்கள் ஊர் நகராட்சியில் வாங்கி அனுப்பிய தங்குமிடச் சான்றிதழும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்டார்கள், பெங்களூரில் கைரேகை வைத்தோம்.

எங்கள் வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் எந்த டிக்கெட்டிலும் வராதது. வீட்டு உரிமையாளரின் தகப்பனார், எண்பது வயது இருக்கும், முற்றத்துக்கு அந்தப் பக்கம் வால்நட் தோப்பு வைத்திருக்கிறார். தினமும் காலையில் பனி விலகுவதற்குள் என் வீட்டுக்காரர் அங்கே போய்விடுவார். இவருக்குத் தமிழும் கொஞ்சம் கன்னடமும், அவருக்குப் பிரெஞ்சு மட்டும். ஒட்டுக்கட்டிய இடத்தைக் காட்டி, மரத்துக்கு மரம் பத்து மீட்டர் என்று காலால் அளந்து, பூச்சி விழுந்த காயை உடைத்து, ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். போனில் இருந்த எங்கள் மாந்தோப்புப் படத்தை இவர் காட்ட, ஒரு மரத்தில் எத்தனை கிலோ என்று அவர் விரலால் மண்ணில் எழுதிக் கேட்டார். கிளம்புகிற அன்று அந்த வருடத்தின் முதல் வால்நட் ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுத்தார், துலூஸில் இருந்தவரை தினமும் நான்கு உடைத்துச் சாப்பிட்டோம்.